ஏழு மணி நாடகம்

சனிக்கிழமை மாலை ஆறரை மணி, டொராண்டோவை ஒட்டிய யூனியன்வில். நாடகம் ஏழு மணிக்கு. அது நடக்கும் பூங்காவோ நகரின் மறுகோடியில், பார்க்டேலுக்கும் அப்பால், ஏறக்குறைய நாற்பது கிலோமீட்டர். நான் ஷூ போட்டுக்கொண்டு வாசலுக்கும் கூடத்துக்கும் நடக்கிறேன். ஊரிலிருந்து வந்து நான் தங்கியிருந்த வீட்டின் சொந்தக்காரர் சிவநேசன் அண்ணன் ஆற அமர வடை சாப்பிடுகிறார்.

"அண்ணே, நேரமாச்சு!"

"இருங்கோ தம்பி. ஏழெண்டு போட்டால் எட்டுக்குத்தான் விளக்கேத்துவினம். பிறகு வரவேற்புரை, தலைமையுரை... எனக்குத் தெரியாதே?"

டொராண்டோவில் பல வருடம் தமிழ் விழாக்களுக்குப் போய்வந்த அனுபவம் பேசியது. ஆனால் இது தமிழ் விழா இல்லையே! நானூறு வருடத்துக்கு முந்திய அந்த ஆங்கில நாடகக் கவியின் துயர நாடகம். அண்ணனின் மகள் ஆரணி அதில் இளவரசி, அதுவும் பாதியிலேயே செத்துப்போகும் இளவரசி. வேலை வேலையென்று அவள் நடித்த எதையும் அவர் பார்த்ததில்லை. இந்த முறை கட்டாயம் வருவதாக வாக்குக் கொடுத்திருந்தார்.

ஏழரை. நெடுஞ்சாலையில் வண்டிகள் அசையவில்லை. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. வாயாவது ஓடட்டுமென்று கவியின் கதையைச் சொன்னேன். கையுறை செய்து விற்றவரின் மகன். பெண்டாட்டி பிள்ளைகளை ஊரில் விட்டு லண்டனுக்குப் போய் நடிகனானவர்.

"தகப்பன் மகன்ரை நாடகத்தைப் பாத்தவரோ?"

"தெரியாது அண்ணே. யாரும் எழுதி வைக்கல."

அதன் பிறகு அண்ணன் ஹாரனை மட்டும் அடித்துக்கொண்டிருந்தார்.

எட்டரைக்குப் பூங்காவுக்குள் ஓடினோம். மேடையில் வெள்ளைத் துணிமேல் ஆரணி கிடந்தாள். மற்ற நடிகர்கள் சுற்றி நின்று அழுதுகொண்டிருந்தார்கள். "ஐயோ, என்ரை பிள்ளை" என்று புல்லில் உட்கார்ந்த அண்ணனுக்கு, ஓடி வந்ததில் இருமல் அடங்கவில்லை.

நாடகம் முடிந்ததும் ஆரணி ஓடி வந்தாள். அவள் கேட்குமுன்பே அண்ணன் சொன்னார்: "நீ செத்தாப் பிறகுதான் வந்தனான், பிள்ளை."

"தெரியும் அப்பா. உங்கட இருமல் கேட்டது. ஐ ஆல்மோஸ்ட் எழும்பிட்டன்! நாளைக்கு லாஸ்ட் ஷோ, ஓகே?"

"ஓம் பிள்ளை" என்றார்.

ஞாயிறு இரவு பத்து மணிக்கு எனக்கு விமானம். அண்ணன் என்னை மிசிசாகாப் பக்கமிருந்த விமான நிலையத்தில் பகல் ஒரு மணிக்கே இறக்கிவிட்டார். "குறை நினையாதேங்கோ தம்பி, ஏழு மணிக்கு நாடகம்."

கவுண்டரில் பெட்டி வாங்க இன்னும் ஆள் வரவில்லை. உட்கார்ந்து உட்கார்ந்து முதுகு போயிற்று. மனதுக்குள் அவரை நன்றாகவே திட்டினேன். எங்கள் கும்பகோணத்திலும் ஏழு என்றால் எட்டரைதான். இந்த மனிதர் ஒரே நாளில் இப்படியா மாறுவது!

ஏழு மணிக்குக் கடிகாரத்தைப் பார்த்தேன். இந்நேரம் ஆரணி மேடைக்கு வந்திருப்பாள், நடந்துகொண்டும் பேசிக்கொண்டும். முன்வரிசையில் அண்ணன் இருமாமல் இருக்கப் பாடுபட்டுக்கொண்டிருப்பார்.