ஒன்பது நாள் அம்மாள்

என் அப்பா என்னை ‘நீங்கள்’ என்று அழைத்தது வாழ்க்கையில் ஒன்பது நாள்தான். அப்போது எனக்கு எட்டு வயது. மற்ற நாட்களில் அவர் என்னை அழைத்த பெயர்களை இங்கே எழுத ஏலாது.

எங்கள் வீடும் வளவும் நிலாவெளிப் பக்கம். பங்குனி கடைசி வந்தால் அங்கே எல்லாம் ஒன்றாகத் தலையில் விழும். வேம்பு பூத்துக் கொட்டும். கூட்டி முடித்துத் திரும்பினால் மறுபடி கொட்டியிருக்கும். கிணற்றில் தண்ணீர் அடிக்குப் போய்விடும். கத்தரிக்கு அள்ளவேண்டும், மாட்டுக்கு அள்ளவேண்டும். வருஷம் பிறக்குமுன் மா இடித்து, வறுத்து, சுவருக்குச் சுண்ணாம்பும் பூசவேண்டும். இந்த ‘வேண்டும்’ எல்லாம் அம்மாவுக்குத்தான். அப்பாவுக்குச் சீனன்குடாவில் வேலை. காலையில் போனால் பின்னேரம்தான் வருவார். போதாக்குறைக்கு அந்த வருஷம் யாழ்ப்பாணத்திலிருந்து அப்பாவின் அக்கா, அதாவது எங்கள் மாமி, எட்டுப் பேரோடு வந்து இரண்டு கிழமை நிற்கப்போவதாகக் கடிதம் போட்டிருந்தார்.

மாமிக்குப் பருப்பெடுத்துக் கொடுக்கவென்று வளவிலிருந்த கஜு மரத்தை, அதாவது முந்திரி மரத்தை, அப்பா காவல் காத்தார். “கொட்டையில கை வைச்சால் முழங்காலை முறிப்பன்” என்று எனக்கு மட்டும் தனியாக அறிவித்தார். அறிவித்திருக்காவிட்டால் எனக்கு அந்த மரத்தின் ஞாபகமே வந்திருக்காது.

ஒரு பின்னேரம் நாலு பச்சைக் கொட்டையைப் பறித்தேன். கத்தி எடுத்தால் பிடிபடுவேன் என்று பல்லால் கடித்தேன். பச்சைக் கோதிலுள்ள பால் பட்ட இடம் வெந்து கொப்புளிக்கும் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்த பயத்தில் கையை வயிற்றில் துடைத்தேன், பிறகு கழுத்தில், பிறகு கன்னத்தில்.

இரண்டு நாள் கழித்துக் காலையில் உதட்டிலும் துடைத்த இடங்களிலும் கொப்புளம். தலையோடு போர்த்துக்கொண்டு கிடந்தேன். அப்பா வந்து போர்வையை இழுத்தார். இழுத்தவர் இரண்டடி பின்னால் பாய்ந்தார்.

“இஞ்சேரும், ஓடி வாரும்! பெடியனுக்கு அம்மாள் வந்திட்டா!”

அம்மை போட்டால் அம்மனே உடம்பில் வந்து இறங்கியிருக்கிறாள் என்பதுதான் எங்கள் வீட்டின் நம்பிக்கை. வந்த உடம்பை ஏசக்கூடாது, அடிக்கக்கூடாது. வீட்டில் மீன் கூடாது, தாளிதம் கூடாது. வாசல் படலையில் வேப்பிலை கண்டால் சனம் வெளியே நின்று இரண்டு கதை கதைத்துவிட்டுப் போய்விடும்.

அம்மா குசினியிலிருந்து மாக்கையோடு வந்தார். என் விரல்களை விரித்துப் பார்த்தார். நகக்கண்ணெல்லாம் கறுத்திருந்தது. நான் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன்.

“ஓம், அம்மாள்தான்” என்றார் அம்மா. “உங்கட அக்காவை வரவேண்டாமெண்டு தந்தி அடியுங்கோ. அந்த எட்டுப் பேருக்கும் தொத்தினால் ஆர் பாக்கிறது?”

“அப்ப வருஷப் பலகாரம்?”

“அம்மாள் இருக்கிற வீட்டில எண்ணெய்ச் சட்டி வைக்கிறதோ? என்ன கதை கதைக்கிறியள்!”

அப்பா தன் கன்னத்தில் தானே போட்டுக்கொண்டார்.

அம்மாளுக்குப் பக்கத்தில் எந்நேரமும் ஆள் இருக்கவேண்டும் என்று அம்மா சொல்லிவிட்டார். ஆகவே வேலைக்குப் போகுமுன்னும் வந்த பின்னும் அப்பாவே தண்ணீர் அள்ளினார், மாட்டைப் பார்த்தார், வேப்பம்பூ கூட்டினார். பிறகு கைகால் கழுவி அறை வாசலில் நின்று, “இளநி குடிக்கிறீங்களோ, தாயே?” என்று கேட்பார். “குடிக்கிறன்” என்று தாய் பதில் சொல்வாள்.

இரண்டு நாள் சொர்க்கம். மூன்றாம் நாள்தான் மூளை வேலை செய்தது. அம்மன் பெயரில் பொய் சொன்னவனிடம் அம்மன் நேரிலேயே வந்தால்? நுளம்பு கடித்த மூன்று தடிப்புகளை வைத்து என் மரணத்தை உறுதிசெய்தேன். அம்மனுக்கு என் பம்பரத்தைத் தருவதாக நேர்ந்தேன். நாலாம் நாள் பட்டத்தையும் சேர்த்தேன். அம்மன் எங்கே நின்று பட்டம் ஏற்றுவாள் என்று யோசிக்க அவகாசமில்லை.

ஐந்தாம் நாள் மத்தியானம் கண் விழித்துப் பார்த்தால், அம்மா என் பாய்க்குப் பக்கத்தில் வெறும் தரையில் கிடக்கிறார். பகலில் அம்மா படுத்து நான் கண்டதேயில்லை. ஆகவே அம்மன் ஆளை மாற்றிப் பிடித்துவிட்டாள் என்று முடிவெடுத்தேன். பாய்ந்து போய் அவரை உலுப்பினேன்.

“அம்மா, செத்துப் போகாதையணை! இது அம்மாளில்லை. கஜு கடிச்சனான்!”

அம்மா கண்ணைத் திறக்கவில்லை.

“தெரியும்.”

“தெரியுமோ?”

“கண்ட உடனேயே தெரியும். கஜுப் பால் பட்ட கை எனக்குத் தெரியாதே? கொப்பருக்குச் சொல்லிப்போடாதை. ஒன்பதாம் நாள் தலையில தண்ணி வார்க்கிறமட்டும் உனக்கு அம்மாள்தான். இப்ப பேசாமல் கிட.”

மறுபக்கம் திரும்பிப் படுத்தார். படலையில் யாரோ வந்து கூப்பிட்டு, பதிலில்லாமல் திரும்பிப் போனார்கள். அம்மா அசையவில்லை. கொஞ்ச நேரத்தில் மெல்லிய குறட்டை கேட்டது.

எனக்கு அழுகை வந்தது. என்னை அடியிலிருந்து காப்பாற்றுவதற்காக அப்பாவிடமே இவ்வளவு பெரிய பொய் சொல்லியிருக்கிறாரே, இப்படி ஒரு தாய் யாருக்குக் கிடைக்கும்! இனி உயிருள்ளவரை அம்மாவுக்கு ஒரு கரைச்சலும் கொடுப்பதில்லை என்று அந்த இடத்திலேயே சத்தியம் செய்தேன்.

பிறகு விடாய்த்தது. தண்ணீர் தரச் சொல்லி அம்மாவை எழுப்பினேன்.