தறிக்காரத் தெருக் கிணறும் ஓர் ஆயுள் அட்டவணையும்

ஆயுள் இன்ஷூரன்ஸ் ஏஜென்டு சொல்வது பலிக்காவிட்டால் பணம் கட்டியவருக்கு வருத்தம். பலித்துவிட்டால் வருத்தப்பட அவர் இருப்பதில்லை. நீங்களும் படி ஏறி இறங்கிப் பிழைப்பவராக இருந்தால், சேலை விற்றாலும் சரி, மருந்து விற்றாலும் சரி, நான் சொல்லப்போவதில் பாதி உங்களுக்கும் நடந்திருக்கும். மறுபாதி நடக்காமல் இருந்திருந்தால் உங்கள் அதிர்ஷ்டம்.

யுத்தம் முடிந்த சமயம் கணிதத்தில் பி.ஏ. தேறினேன். வாத்தியார் வேலை கிடைக்கவில்லை. ஏதோ ஒரு கம்பெனிக்கு ஏஜென்டாகச் சங்கரன்கோவிலில் வந்து இறங்கினேன்.

எருமை போதாதா?

முதலில் போனது மேலரதவீதியில் நிலபுலன் உள்ள ஒரு பிள்ளை வீட்டுக்கு. மனிதர் நல்லவர். உட்காரச் சொல்லி, காப்பி கொடுத்து, எந்த ஊர், யார் மகன் என்றெல்லாம் விசாரித்தார். காப்பி தொண்டையில் இறங்குமுன் நான் மனப்பாடம் செய்திருந்ததை ஆரம்பித்தேன்: “நாளைக்கே உங்களுக்கு ஒன்று ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்…”

உள்ளே பாத்திரம் கீழே விழுகிற சத்தம் கேட்டது. அந்த வீட்டு அம்மாள் வெளியே வந்து என்னைப் பார்க்காமல் புருஷனைப் பார்த்து நின்றாள். அவர் என் கையிலிருந்த தம்ளரை மெதுவாக வாங்கிக் கீழே வைத்தார். நான் படியிறங்கியதும் அந்த இடத்தில் சாணித் தண்ணீர் தெளித்தார்கள். அன்று முதல் ஊரில் எனக்கு ‘எமன் ஏஜென்டு’ என்று பெயர். பிள்ளை சொன்னது இதுதான்: “எமனுக்கு எருமை இருக்கு, கயிறு இருக்கு. ஏஜென்டு வேற எதுக்கு வே?”

சண்டைக்கு நடுவில் ஓர் அட்டவணை

பாலிசி எடுக்கிறவர்களைப் பரிசோதித்துக் கையெழுத்துப் போடுபவர் டாக்டர் வைத்தியலிங்கம். பேர்தான் சாமி பேர். சாமி கும்பிடுகிறவரைக் கண்டால் நாக்கில் கசப்பு மருந்து பட்டதுபோல முகம் மாறிவிடும். சாயங்காலம் நோயாளிகள் போனபிறகு கோயிலில் தேவாரம் பாடும் நெல்லையப்ப ஓதுவார் தொண்டைக்கு மருந்து வாங்க வருவார். மருந்தை மடியில் கட்டிக்கொண்டு சண்டைக்கு உட்கார்ந்துவிடுவார். இத்தனைக்கும் ஒருநாள் அவர் வராவிட்டால் டாக்டர் வாசலைப் பார்த்துக்கொண்டே இருப்பார்.

ஒரு நோயாளி செத்தால் அது விதியா, கிருமியா என்று அன்றைய சண்டை. நடுவில் மாட்டிய நான் எங்கள் கம்பெனியின் அட்டவணையைப் பற்றிச் சொன்னேன். முப்பது வயதுக்காரர்கள் ஆயிரம் பேரை எடுத்துக்கொண்டால், ஒரு வருஷத்தில் அவர்களில் எத்தனை பேர் இறப்பார்கள் என்று அது சொல்லும், பெரும்பாலும் தப்பாது. ஆனால் அந்த ஆயிரத்தில் யார் என்று கேட்டால் அது ஊமை. டாக்டர் தொடையைத் தட்டினார். “பாத்தீரா வே! பிரம்மா எழுதினதை இவுக கம்பெனி அச்சடிச்சு விக்குது!”

ஓதுவாருக்குக் கோபம் வரவில்லை. விஞ்ஞானத்துக்கும் தெய்வத்துக்கும் நடுவே இருவரும் உட்காரக் கணிதத்தால் ஒரு திண்ணை போட்டுவிட்டோம் என்று எனக்குள் ஒரே பூரிப்பு. ஓதுவார் எழுந்து துண்டை உதறிக்கொண்டு சொன்னார்: “எத்தனை பேருன்னு தெரிஞ்சவரு நீரு. யாருன்னு தெரிஞ்சவன் அவன். ஒருத்தர் பாக்காத பக்கத்தை இன்னொருத்தர் பாக்குதீங்க, இதுல சண்டை எங்கன வே இருக்கு?”

எலுமிச்சை மண்டி

புளியங்குடியில் எலுமிச்சை மண்டி வைத்திருந்த மீரான் ராவுத்தரிடம் ஒரு தடவை போனேன். என் அட்டவணையை அவ்வளவு பொறுமையாகக் கேட்டவர் வேறு யாரும் இல்லை. கேட்டதெல்லாம் கூர்மையான கேள்விகள். நூறு பேருக்குச் சொன்னால் தப்புமா, லட்சம் பேருக்குச் சொன்னால் ஏன் தப்பாது என்று நான் பரீட்சையில் எழுதியதை அவர் எலுமிச்சைக் கூடையை வைத்தே கேட்டார்.

முந்தின வாரம்தான் தம்பியை அடக்கம் செய்திருக்கிறார் என்பது அப்புறம் தெரிந்தது. தம்பி சொத்தில் அவன் மனைவிக்கு எட்டில் ஒன்று, மிச்சத்தில் மகனுக்கு இரண்டு பங்கு, மகளுக்கு ஒரு பங்கு என்று மனசிலேயே போட்டு முடித்திருந்தார். இந்த ஆள் நிச்சயம் எடுப்பார் என்று பேனாவைத் திறந்தேன். அவர் என் பேனா மூடியை எடுத்து மூடிவிட்டுச் சொன்னார்: “கணக்கு எங்க மார்க்கத்துலயும் இருக்கு தம்பி. ஆனா அது மவுத்துக்குப் பெறவுதான், முந்தி இல்ல.”

ஆயிரத்தில் ஒருவர்

தறிக்காரத் தெருவில் முதன்முதலாகப் பாலிசி எடுத்தவர் சங்கரலிங்கம். டாக்டரைச் சிரிக்க வைத்துக்கொண்டே பரிசோதனைக்கு நின்ற மனிதர். காமாலை வந்து போய்விட்டார். கம்பெனி தந்ததை அவர் மனைவி பேச்சியம்மாளிடம் கொடுக்கப் போனபோது, ஒரு தைரியத்துக்கு ஓதுவாரையும் கூட்டிக்கொண்டு போனேன். தறிக் குழியில் பாதி நெய்த பாவு அப்படியே கிடந்தது.

பேச்சியம்மாள் கையை நீட்டவில்லை. “இதைத் தொட்டா அவுகளை நான் வித்த மாதிரி ஆயிராதா அண்ணாச்சி?” என்றாள். பி.ஏ. வகுப்பில் இதற்குப் பதில் சொல்லித்தரவில்லை. ஓதுவார்தான் பேசினார். “இது அவன் வெலை இல்ல தாயி. ஆயிரம் வீட்டுல ஆளு உசுரோட இருக்காங்க. அதுல கொஞ்சம் கொஞ்சம் உன் வீட்டுக்கு வருது. அம்மன் கோயில் கஞ்சிக்கு ஆளுக்கொரு பிடி அரிசி போடுதாகளே, அது மாதிரி.” பெருக்கல் தெரியாத அந்த மனிதர் எங்கள் தொழிலின் முழுக் கணிதத்தையும் சொல்லிவிட்டார்.

பிள்ளைகளைப் பார்த்துவிட்டு அவள் வாங்கிக்கொண்டாள். நாங்கள் வாசலைத் தாண்டும்போது பின்னாலிருந்து அவள் குரல் வந்தது: “அந்த ஆயிரம் பேரும் நல்லா இருக்கட்டும் ஐயா. ஆயிரத்துல இவுகதானா கெடச்சாக?”

சாமி தண்ணீர்

அடுத்த கோடையில் குளம் காய்ந்தது. ஊரில் வாந்திபேதி வந்தது. தறிக்காரத் தெருவில் ஒரு சின்ன அம்மன் கோயில் இருந்தது. அதன் வளவிலிருந்த கிணற்றில் மட்டும் தண்ணீர் வற்றவில்லை, தேனாக இனிக்கும். தெருவுக்கே குடிதண்ணீர் அதுதான். நோய் கண்டவர்களுக்குத் தீர்த்தமும் அதுதான். டாக்டர் சிவப்பு மருந்தை எடுத்துக்கொண்டு கிணற்றில் போடப் போனார். “சாமி தண்ணியில மருந்தா?” என்று ஆட்கள் கூடினார்கள். எங்கிருந்தோ வந்த ஒரு கை மண் அவர் வெள்ளைச் சட்டையில் விழுந்தது.

என் பாலிசிக்காரர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருந்தார்கள். அட்டவணை சொன்னதற்கும் நடந்ததற்கும் சம்பந்தமே இல்லை. அட்டவணை இவ்வளவு தப்பினால், அதில் சேராத காரணம் ஒன்று நடுவில் வந்திருக்கிறது என்று அர்த்தம். நானும் டாக்டரும் வீடு வீடாகப் போய் எங்கே தண்ணீர் எடுக்கிறீர்கள் என்று கேட்டோம். சாவு விழுந்த வீட்டுக்காரர்கள் எல்லாம் அந்தக் கிணற்றைத்தான் சொன்னார்கள்.

தெருவில் ஓதுவார் சொன்னால் கேட்பார்கள். வெள்ளிதோறும் அந்தக் கோயிலில் பாடுகிறவர் அவர். அவரிடம் போய் எங்கள் கணக்கைச் சொன்னோம். முழுதும் கேட்டார். பிறகு கேட்டார்: “சீக்கு வந்த வீட்டுக்காரன்தானே தீர்த்தம் எடுக்க வருவான்? உம்ம வாசல்ல நோயாளி கூடுதாங்கன்னு உம்மையே சீக்குக்குக் காரணம்னு சொல்லலாமா, டாக்டரே?”

விலக்கு வீடு

டாக்டர் பல்லைக் கடித்தார். எனக்கு மட்டும் தெரிந்தது, ஓதுவார் கேட்டது சரியான கேள்வி. தண்ணீரால் நோயா, நோயால் தண்ணீரா என்று எங்கள் கணக்கில் பிரிக்க முடியாது. அதே தெருவில், அதே வெயிலில், அதே ஈக்களோடு இருந்துகொண்டு, நோய் வருவதற்கு வெகு முன்பிருந்தே அந்தத் தண்ணீரைத் தொடாத வீடு ஏதாவது வேண்டும். அப்படி யார் இருப்பார்கள்?

பேச்சியம்மாளிடம் கேட்டேன். அவள் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். தெருக் கோடியில் மூன்று வீடுகள். அண்ணன் தம்பிகள். அந்த வீட்டுப் பெண் ஒருத்தி வேறு சாதிப் பையனைக் கட்டிக்கொண்டாள் என்று, நோய்க்கு வெகு முன்பே தெரு அவர்களை விலக்கி வைத்திருந்தது. கோயிலும் கிடையாது, கிணறும் கிடையாது. பெண்கள் வெயிலில் ஊருக்கு வெளியே தோட்டத்துக் கிணற்றுக்கு நடந்து போய்ச் சுமந்து வருகிறார்கள். போய்ப் பார்த்தேன். சின்னதும் பெரிதுமாக ஒரு கூட்டமே இருந்தது. ஒருவருக்கும் ஒன்றும் இல்லை. மூன்று வீட்டை மட்டும் நம்பக் கூடாது என்று பக்கத்துத் தெருவுக்கும் போனேன். அங்கே நோய் கண்டிருந்தது இரண்டே வீட்டில். இரண்டு வீட்டாரும் நோய்க்கு முன்பிருந்தே இனிப்புத் தண்ணீருக்காக இந்தக் கிணற்றுக்கு வந்தவர்கள்.

விலக்கு வீட்டு மூத்தவர் தறியை நிறுத்தாமலே என்னிடம் பேசினார். சிரித்தாரா, முகம் அப்படித்தானா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. “எங்களுக்குச் சாமி தண்ணியும் கெடையாது, சாமி சீக்கும் கெடையாது அண்ணாச்சி.”

உடைமுள்

மறுநாள் வெள்ளிக்கிழமை. காலையில் ஓதுவார் டாக்டர் வீட்டுக்கு வேர்க்க விறுவிறுக்க வந்தார். வாயைத் திறக்குமுன் டாக்டர் என்னைப் பார்த்து, “சொல்லும் வே, அவருக்குச் சொல்லும்” என்றார். சொன்னேன். விலக்கு வீடுகளையும் சொன்னேன், பக்கத்துத் தெருவையும் சொன்னேன். “அந்த மூணு வீட்டுலயும் ஒருத்தருக்கும் இல்லையா?” என்று ஒரு தடவை கேட்டார். இல்லை என்றேன். வந்த காரியத்தைச் சொல்லாமலே திரும்பி நடந்தார்.

கோயில் வளவில் பூஜைக்குக் கூட்டம் சேர்ந்திருந்தது. பெண்கள் குடத்தோடு நின்றார்கள். ஓதுவார் வேலியிலிருந்து உடைமுள்ளை இழுத்துவந்து கிணற்றின் மேல் போட்டார். கையெல்லாம் ரத்தம். ஆண்கள் கத்திக்கொண்டு வந்தார்கள். “தோஷம் தண்ணியிலதான்யா, அம்மன்கிட்ட இல்ல. அபிஷேகத்துக்கு நானே தோட்டத்துக் கிணத்துலேருந்து சுமந்துட்டு வாரேன். இதுலதான் மோக்கணும்னா என்னையத் தள்ளிட்டு மோந்துக்கிடுங்க” என்றார். அவரைத் தள்ள ஒருவருக்கும் கை வரவில்லை. டாக்டர் சிவப்பு மருந்தைக் கரைத்து ஊற்றினார்.

கூட்டம் கலைந்த பிறகுதான் ஓதுவார் டாக்டர் கையைப் பிடித்தார். “வீட்டுக்கு வாரும். கோமதிக்கு விடியக்காலையிலேருந்து பேதி நிக்கல.” கோமதி அவருடைய ஒரே மகள். நோய் வந்ததிலிருந்து அந்தத் தீர்த்தத்தைத் தினமும் வீட்டுக்குக் கொண்டுபோனவர் அவர்தான். டாக்டர் தெருவென்றும் பாராமல் கத்தினார்: “வந்ததும் சொல்லியிருக்கலாம்லா வே!” ஓதுவார் நடந்துகொண்டே சொன்னார்: “நீரு என் வீட்டுக்கு வந்திருந்தா நானும் கூட வந்திருப்பேன். அதுக்குள்ள இங்கன அம்புட்டுக் குடமும் நெறஞ்சிருக்கும்.”

கண்ணுக்குத் தெரியாதவர்கள்

டாக்டர் தன்னிடமிருந்த சலைன் முழுவதையும் அந்தப் பெண்ணுக்கு ஏற்றினார். விளக்கு வைக்கிற நேரத்துக்கு அவள் போய்விட்டாள். தெருவில் அதற்குப் பிறகும் சில நாள் சாவு விழுந்தது, ஏற்கெனவே படுத்திருந்தவர்கள். புதிதாக யாரும் படுக்கவில்லை.

காரியங்கள் முடிந்தபின் நானும் டாக்டரும் ஓதுவாரைப் பார்க்கப் போனோம். ஓயாமல் பேசுகிற டாக்டர் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஏதாவது பேச வேண்டுமே என்று, கிணற்றை மூடியபின் தெருவில் நோய் நின்றுவிட்டது என்றேன். “மூடாம இருந்திருந்தா?” என்று கேட்டார் ஓதுவார். அதே வேகத்தில் போயிருந்தால் இன்னும் அத்தனை பேர் போயிருப்பார்கள் என்றேன். “பொழச்சது யாரு யாருன்னு காட்ட முடியுமா வே?” முடியாது என்றேன். அப்படிப்பட்டவர்கள் நிச்சயமாக இருக்கிறார்கள், ஆனால் விரல் நீட்டி ஒருவரையும் காட்ட முடியாது, அவர்களுக்கே அது தெரியாது என்றேன்.

டாக்டர் எழுந்துவந்து ஓதுவார் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். அவர் டாக்டரைப் பார்த்துத்தான் சொன்னார்: “கண்ணுல காட்ட முடியாத அத்தனை பேரு அந்தத் தெருவுல நடமாடுதாங்கன்னு இவரும் நம்புதாரு, நீரும் நம்புதீரு, நானும் நம்புதேன். அதுவும் இல்லைன்னா எம் மக போனதை நான் எப்படி வே தாங்குவேன்?”

இப்போதும் விஞ்ஞானமா தெய்வமா என்று என்னிடம் வாதாட வருகிறவர்களை, உங்கள் தெருவில் குடிதண்ணீர் எங்கிருந்து வருகிறது என்றுதான் நான் முதலில் கேட்கிறேன். பாதிப்பேர் அதோடு எழுந்து போய்விடுகிறார்கள், பாலிசியும் எடுக்காமல்.