தட்டாமல் விழுந்த பாண்டிய வீரன்

மூன்று வருடங்களுக்கு முன், ஒரு சித்திரை மாத ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், குளத்தூர் பக்கம் ஒரு ஊர்த் திருவிழாவில் நான் செத்து விழுந்தேன். பதற வேண்டாம், அது நான் வழக்கமாகச் செய்கிற வேலைதான். அன்றைக்கு மட்டும் கொஞ்சம் நிஜமாகவே விழுந்துவிட்டேன்.

எனக்குக் கீரனூர். திருச்சியில் ஒரு மொத்த வியாபார ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் இருக்கிறேன். காலையில் பஸ்ஸில் நின்றுகொண்டே போய், பகல் முழுக்கக் கடையில் நின்று, ராத்திரி பஸ்ஸில் நின்றுகொண்டே திரும்புகிற பிழைப்பு. ஆள் வந்தால் உட்காரக் கூடாது. ஆள் வராவிட்டாலும் உட்காரக் கூடாது, ஏனென்றால் எந்நேரமும் வந்துவிடலாமாம். ஞாயிறு ஒரு நாள்தான் லீவு. அந்த ஒரு நாளும் நான் வீட்டில் தங்காததற்குக் காரணம், எங்கள் ஊர் சரித்திரப் படை.

ஊரில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருக்கும் ஒருவர் ஆரம்பித்தது. ராஜா காலத்துப் போரை அப்படியே நடத்திக் காட்ட வேண்டும் என்று அவருக்கு ஒரு பைத்தியம். அந்தப் பைத்தியம் எங்களில் பத்துப் பன்னிரண்டு பேருக்கும் தொற்றிக்கொண்டது. ஞாயிறு காலையில் கண்மாய்க் கரைப் பொட்டலில் பயிற்சி நடக்கும். கூப்பிட்டால் திருவிழாக்களிலும் சண்டை போடுவோம். மரத்தில் செய்து சில்வர் பெயின்ட் அடித்த வாள், பிளைவுட் கேடயம், ஸ்பாஞ்ச் வைத்துத் தைத்த ரெக்சின் கவசம். அந்தக் காலத்தில் இந்த வெயிலில் எவன் கவசம் போட்டிருப்பான் என்று நான் கேட்டதற்கு, வெறும் உடம்போடு நின்றால் வீடியோவில் எடுபடாது என்று ஸ்டூடியோக்காரர் சொல்லிவிட்டார். சோழர் பக்கம் போக எல்லோரும் அடித்துக்கொள்வார்கள். பாண்டியர் பக்கம் நிற்க ஆள் இருக்காது. எதையும் மறுத்துச் சொல்லத் தெரியாத நான் பாண்டியன் ஆனேன். கதைப்படி நாங்கள் தோற்க வேண்டும். ஆகவே ஒவ்வொரு முறையும் நான் சாக வேண்டும்.

சாவதற்கு எங்களிடம் ஒரு விதி உண்டு. ஆரம்பத்தில் ஒருவர் தயாராகும் முன் வாள் வீசி இன்னொருவர் கண் வீங்கிப்போனது. அதிலிருந்து வந்த விதி. சாகப் போகிறவர் வாளின் பிடியால் கேடயத்தில் இரண்டு தட்டு தட்ட வேண்டும். அதைக் கேட்ட பிறகுதான் எதிராளி கடைசி வெட்டை வீசலாம். எப்போது முடித்துக்கொள்வது என்பது சாகிறவர் கையில். என் வாழ்க்கையில் 'போதும்' என்று நானே சொல்ல முடிந்த இடம் அது ஒன்றுதான். அந்த இரண்டு தட்டுக்காகத்தான் போனேனோ என்று இப்போது தோன்றுகிறது.

என்னைக் கொல்கிறவர் ஜெகதாப்பட்டினத்துக்காரர். முப்பது வயதிருக்கும். அங்கிருந்து வேனில் மீன் ஏற்றி வந்து எங்கள் பக்கத்துச் சந்தைகளில் போடுகிறவர். வியாபாரம் முடிந்ததும் அதே வேனோடு வருவார். நேரமானால் ஓரமாகத் துண்டை விரித்துத் தொழுதுவிட்டு வந்து சோழனாவார். நல்ல மனிதர்தான். ஆனால் எனக்கு அவரைப் பிடிக்காது. மீன் வாடை ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், ஒவ்வொரு சண்டைக்கும் பிறகு அவர் என்னிடம் வந்து கேட்கிற கேள்விகள்.

"என்னண்ணே, இன்னைக்கி மொதல்ல முழங்கால் மடங்கிருச்சு? எப்பவும் வலது தோள்தானே மொதல்ல போகும்?"

கடையில் சூப்பர்வைசர் குற்றம் கண்டுபிடிப்பது போதாதென்று, சாவதிலும் ஒருவர் குற்றம் கண்டுபிடிக்க வேண்டுமா? எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

திருவிழாவுக்கு முந்தைய இரண்டு நாளும் கடையில் சரக்கு இறங்கியது. துணிக்கட்டுகளைப் பேல் பேலாக மாடிக்கு ஏற்றி, பிரித்து அடுக்கி முடித்தபோது கால் இரண்டும் வீங்கியிருந்தன. ஞாயிற்றுக்கிழமை நான் கிளம்பியபோது என் மனைவி வாசலில் நின்று, "ஆறு நாள் கடையில சாகுறீங்க, ஏழாவது நாளும் போயிச் சாகணுமா?" என்று கேட்டாள். இதுதான் கடைசி, அடுத்த வாரம் முதல் போக மாட்டேன் என்றேன். உண்மையாகவேதான் சொன்னேன். எனக்கு எல்லாமே அலுத்துப் போயிருந்தது.

மதியச் சாப்பாடு முடிந்ததுமே எங்களுக்கு வேஷம் கட்டிவிட்டார்கள். சிறப்பு விருந்தினர் வருவார் வருவார் என்று சொல்லிச் சொல்லி, வெயில் சாயும் வரை கவசத்தோடு பந்தலுக்கு வெளியே நிறுத்தி வைத்தார்கள். கவசத்தின் முடிச்சுகள் முதுகுப் பக்கம். ஒருமுறை கழற்றினால் மறுபடி கட்ட அரை மணி நேரம் ஆகும் என்று யாரையும் கழற்ற விடவில்லை. எனக்குத் தலை விண் விண்ணென்று தெறித்தது. சொல்லவில்லை. சொன்னால் பாண்டியன் பக்கம் ஆளில்லை என்பார்கள். நிற்பது எனக்கென்ன புதிதா?

மீன்வண்டிக்காரர் என்னை உற்றுப் பார்த்தார். "அண்ணே, எங்களுக்கெல்லாம் ஊத்துது. ஒங்களுக்கு ஒரு சொட்டு வேர்க்கலையே?"

"தம்பி, நீங்க சண்டை போட வந்தீங்களா, வேர்வை பாக்க வந்தீங்களா?" என்று வெடுக்கென்று கேட்டுவிட்டேன்.

விருந்தினர் வந்தார். பறை முழங்கியது. ஸ்டூடியோக்காரர் மைக்கைப் பிடித்து வர்ணனையை ஆரம்பித்தார். நானும் மீன்வண்டிக்காரரும் நடுக்களத்தில் மோதினோம். இரண்டு வீச்சுத் தடுத்தது நினைவிருக்கிறது. மூன்றாவதற்குக் கேடயத்தைத் தூக்கினேன், கை வரவில்லை. கண் இருட்டும் என்பார்கள். எனக்கு இருட்டவில்லை, எல்லாம் வெள்ளை வெளேரென்று ஆகிவிட்டது. எங்கோ கூட்டம் விசில் அடித்தது.

இதற்குப் பிறகு நடந்ததை நான் வீடியோவில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

வெட்டு விழும் முன்பே நான் கேடயத்தின் மேல் குப்புற விழுகிறேன். கூட்டம் கை தட்டுகிறது. எங்கள் ஆட்களே, இன்றைக்கு நான் பிரமாதமாக நடிக்கிறேன் என்று நினைத்திருக்கிறார்கள். விழுந்தவன் சங்கு ஊதும் வரை அசையக் கூடாது என்பது இன்னொரு விதி. ஆகையால் நான் அசையாமல் கிடப்பதில் யாருக்கும் சந்தேகம் வர வழியில்லை. சண்டை முடிந்து சங்கு ஊத இன்னும் கால் மணி நேரம் இருந்தது.

மீன்வண்டிக்காரர் மட்டும் ஓங்கிய வாளோடு அப்படியே நிற்கிறார். பிறகு வாளை வீசி எறிந்துவிட்டுக் கத்துகிறார்.

"நிறுத்துங்க! அண்ணன் தட்டல! தட்டாம விழுந்துட்டாரு!"

இதையும் நடிப்பென்று நினைத்து, ஸ்டூடியோக்காரர் மைக்கில், "மாண்ட எதிரிக்காகச் சோழ வீரன் கதறுகிறான்!" என்று முழங்குகிறார். கூட்டம் இன்னும் பலமாகக் கை தட்டுகிறது. அந்த இடம் வந்தால் இன்றைக்கும் நான் வீடியோவின் சத்தத்தைக் குறைத்துவிடுவேன்.

அவர் யாருக்காகவும் காத்திருக்கவில்லை. என் அக்குளில் கைகொடுத்து, வேன் நின்ற இடத்துக்குத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போனார். மீன் அறுக்கும் கத்தியால் கவசத்தின் கயிறுகளை அறுத்தார். காலையில் விற்றது போக வேனின் பெட்டிகளில் ஐஸ் மிச்சமிருந்தது. அதை அள்ளி என் கழுத்திலும் அக்குளிலும் தொடையிடுக்கிலும் வைத்து, மேலே தண்ணீரை ஊற்றினார். அதற்குள் மைக்கைப் போட்டுவிட்டு ஓடிவந்த ஸ்டூடியோக்காரர், அறுபட்ட கவசத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதாராம். கவசத்துக்காக அழுதாரா எனக்காக அழுதாரா என்று நாங்கள் இன்றும் அவரைக் கேலி செய்வதுண்டு.

ஆம்புலன்ஸில் ஆஸ்பத்திரிக்குப் போனேன். உடம்புச் சூடு தலைக்கு ஏறியிருந்ததாம். ஐஸ் வைக்காமல் அந்தக் கால் மணி நேரம் அப்படியே கிடந்திருந்தால் ஆளைப் பார்த்திருக்க முடியாது என்று டாக்டர் என் மனைவியிடம் சொல்லியிருக்கிறார். நான் கண் விழித்தபோது அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என் மேல் இறால் வாடை வீசிக்கொண்டிருந்தது.

மறுநாள் மீன்வண்டிக்காரர் வந்தார். கட்டில் ஓரத்தில் கூச்சத்தோடு நின்றார். அத்தனை பேரும் நடிப்பென்று நினைக்கும்போது அவருக்கு மட்டும் எப்படித் தெரிந்தது என்று கேட்டேன்.

"நீங்க தட்டாமச் சாக மாட்டீங்களேண்ணே," என்றார். "ஒங்கள எத்தனை தடவ கொன்னுருக்கேன், எனக்குத் தெரியாதா? களைச்சுப் போன அன்னைக்கி ஒங்களுக்கு முழங்கால் மொதல்ல மடங்கும். வலிக்கிற அன்னைக்கி மெதுவாத் தட்டுவீங்க. அதத்தான் ஒவ்வொரு தடவையும் கேட்டுக்கிட்டே இருந்தேன். நீங்கதான் பதிலே சொல்லல."

எனக்கு அழுகை வந்துவிட்டது. மறைக்க முயலவில்லை. முதலாளி, பஸ்ஸில் கூட வருகிறவர்கள், தினமும் முகம் பார்க்கிற எத்தனையோ பேர். நான் களைத்துப் போனது வீட்டுக்கு வெளியே எவருக்கும் தெரியவில்லை, எனக்கே தெரியவில்லை. வாரம் ஒருமுறை என்னைக் கொல்ல வருகிற மனிதருக்குத் தெரிந்திருந்தது.

அடுத்த வாரம் முதல் போக மாட்டேன் என்று சொன்னேன் அல்லவா? இரண்டு மாதம் கழித்துப் போனேன். இப்போது எங்கள் படையில் யாருக்கும் கவசம் கிடையாது. அவர்தான் இன்னும் என்னைக் கொல்கிறார். முடிந்ததும் கேள்வி கேட்கிறார், நான் உட்கார்ந்துகொண்டு பதில் சொல்கிறேன்.

கடையில் மட்டும் ஒன்றும் மாறவில்லை, இன்னும் நின்றுகொண்டுதான் இருக்கிறேன். ராத்திரி வீட்டுக்கு வந்ததும் சில நாள் வாயைத் திறந்து பேசக்கூடத் தெம்பிருக்காது. அப்போது தண்ணீர் குடித்த டம்ளரைத் தரையில் இரண்டு தட்டு தட்டுவேன். என் மனைவி எதுவும் கேட்காமல் பாயை விரித்துவிடுவாள். முடியவில்லை என்று சொல்ல எனக்கு இந்த வயதிலும் வாய் வரவில்லை, ஆனால் விழும் முன் தட்டிவிட வேண்டும் என்பதையும், காது கொடுத்துக் கேட்க யாரோ ஒருவர் இருக்கிறார் என்பதையும் அந்த மீன்வண்டிக்காரரால் தெரிந்துகொண்டேன்.