மானியம் வாங்கிக்கொண்டு மன்னாருக்கு

தகவல் பாதுகாப்பு ஆராய்ச்சிக்கு அரசாங்க மானியம் வாங்கி வேலை செய்கிறவர்கள் கணினியைவிட வாயைத்தான் அதிகம் பாவிக்கவேண்டி வரும். நான் வடக்கிலுள்ள ஒரு பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி உதவியாளர். ‘கரையோர மக்களின் கைபேசிப் பாதுகாப்பு’ என்பது எங்கள் தலைப்பு. இதே சிலுவையைச் சுமக்கும் உங்களுக்கு மிச்சம் தானாக விளங்கும்.

நேர்முகத் தேர்வு

கொழும்பில் மானியக் குழுவின் முன்னால் எங்கள் பேராசிரியரும் நானும் நின்றோம். எங்களுக்கு முன்னால் போனவர்கள் பெரிய வங்கிகளையும் மின்சாரக் கட்டமைப்பையும் பாதுகாக்கப் போவதாகச் சொல்லிவிட்டு வந்திருந்தார்கள். நாங்கள் மன்னார் என்றதும் குழுவிலிருந்த அம்மையார் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, மீன்பிடிக்கிற ஆட்களிடம் களவெடுக்க அப்படி என்ன தகவல் இருக்கிறது என்று கேட்டார்.

எங்கள் பேராசிரியர் சேர் பதறவில்லை. “மீன் எங்க கிடக்குதெண்ட தகவல் இருக்கு, மடம். அதை அவையள் கூடப்பிறந்தவனுக்கும் சொல்லமாட்டினம்.”

குழு முழுவதும் சிரித்தது. மானியம் கிடைத்தது.

கீரியில் நடந்த விசாரணை

முதல் நாள் மன்னார்க் கரையிலுள்ள கீரி என்ற ஊருக்குப் போனேன். கரையில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த அந்தோனி அண்ணனிடம் சம்மதப் படிவத்தை நீட்டினேன். அவர் அதை இரண்டு தரம் வாசித்தார். என் அடையாள அட்டையைக் கேட்டு வாங்கி, படத்தையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். சந்தேகமென்றால் எங்கள் திணைக்களத்துக்குத் தொலைபேசி எடுத்துக் கேளுங்கள் என்று படிவத்தின் அடியிலிருந்த இலக்கத்தைக் காட்டினேன். அவர் அதைத் தொடவே இல்லை. பல்கலைக்கழகத்தில் படிக்கும் மருமகளுக்கு எடுத்து, திணைக்கள இலக்கத்தை அவளிடம் வாங்கி, அதற்கு எடுத்து என்னைப் பற்றி விசாரித்த பிறகுதான் கையெழுத்து வைத்தார்.

நாங்கள் மூன்று மாதம் இருந்து தயாரித்த பயிற்சிக் கையேட்டில் இந்தப் பாடம் ஏழாம் பக்கத்தில்தான் வருகிறது. ஏன் நான் காட்டிய இலக்கத்துக்கு எடுக்கவில்லை என்று கேட்டேன்.

“நீங்கள் தந்த நம்பருக்கு எடுத்தா நீங்கள் சொல்லிவச்ச ஆள்தானே பிள்ளை கதைக்கும்?”

வங்காலைக் கோயில் ஒலிபெருக்கி

யசிந்தா அக்கா வங்காலையில் ஒரு மீனவர் சங்கத்தின் செயலாளர். காற்று, மழை எச்சரிக்கை வந்தால் சங்கத்தின் கைபேசிக் குழுவில் போடுவது அவர்தான். படகுகள் அதைப் பார்த்துத்தான் இறங்கும்.

ஒரு நாள் மத்தியானம் நான் அவர் வீட்டுக்குப் போனபோது கதிரையில் வெளிறிப்போய் இருந்தார். மண்ணெண்ணெய் நிவாரணப் பதிவு என்று யாரோ எடுத்திருக்கிறான். கைபேசிக்கு வந்த ஆறு இலக்கங்களையும் கேட்டிருக்கிறான். இவரும் சொல்லிவிட்டார். அடுத்த நிமிடம் குழு அவன் கைக்குப் போய்விட்டது. வேறு யாரும் அதில் எழுத முடியாதபடி பூட்டிவிட்டு, அக்காவின் பெயரிலேயே மற்றவர்களிடமும் இலக்கம் கேட்டுக்கொண்டிருந்தான். அன்றைக்கென்று காற்று எச்சரிக்கையும் வந்திருந்தது. பின்னேரம் படகுகள் இறங்கப் போகின்றன.

நான் எங்கள் கையேட்டைப் புரட்டினேன். அதில் ‘உடனடியாக உரிய நிறுவனத்துக்கு அறிவிக்கவும்’ என்று இருந்தது. அக்கா எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டு நேரே கத்தோலிக்கக் கோயிலுக்கு நடந்தார். பாதரிடம் கேட்டு ஒலிபெருக்கியைப் போடுவித்தார். “நான் யசிந்தா கதைக்கிறன். என்னை ஒருத்தன் ஏமாத்திப் போட்டான். நம்பரைச் சொன்னது நான்தான், பிழை என்ர. குழுவில என்ர பேரில என்ன வந்தாலும் நம்பாதேங்கோ. காத்து வருது, ஒருத்தரும் தொழிலுக்கு இறங்காதேங்கோ.” மூன்று தரம் சொன்னார்.

ஒரு படகும் இறங்கவில்லை. இலக்கத்தை எழுதி, அனுப்புவதற்கு விரலை வைத்திருந்த இரண்டு பேர் அதை அழித்துவிட்டு ஓடி வந்தார்கள். பொழுதுபடமுதல் காற்று வந்தது. கரையில் இழுத்து வைத்த படகுகளையே புரட்டிப் போட்டது.

ஊர் முழுக்கக் கேட்க அப்படிச் சொல்ல வெட்கமாக இருக்கவில்லையா என்று பிறகு கேட்டேன்.

“வெக்கம் ரெண்டு நாளில போயிடும், மிஸ். போன படகு வராது.”

சிலாவத்துறைக் கொப்பி

யசிந்தா அக்காவின் கணக்கை மீட்க, கைபேசி திருத்தும் நிஸ்தார் நானாவிடம் சிலாவத்துறைக்குப் போனோம். ஒரு மணித்தியாலத்தில் மீட்டுத் தந்தார். பிறகு அலுமாரியிலிருந்து சி.ஆர். கொப்பி என்கிற தடித்த அட்டைக் குறிப்பேடு ஒன்றை எடுத்தார். ஏமாந்து வந்த ஒவ்வொருவரின் கதையும் அதில் இருந்தது: அழைப்பு வந்த நேரம், கதைத்த பாஷை, சொன்ன பொய். இப்படியொன்றைத் திரட்டத்தான் எங்களுக்கு மானியமே தந்திருந்தார்கள்.

சேரைக் கூட்டிவந்து காட்டினேன். ஒரு பக்கத்திலும் ஆட்களின் பெயர் இல்லை. மறந்துவிட்டீர்களா என்று சேர் கேட்டார்.

“மறக்கல்ல, சேர். அழுதுகொண்டு வந்து சொன்னது அமானிதம், நம்பி ஒப்படைச்சது. பொய்ய எழுதலாம், ஆளை எழுதலாமா?”

மதிப்பீடு

மானியத்தைத் தொடர்வதா, நிறுத்துவதா என்று பார்க்கக் கொழும்பிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். ஆய்விதழ்க் கட்டுரை எத்தனை என்று கேட்டார். ஒன்று, அதுவும் இன்னும் அச்சாகவில்லை. அவர் முகம் சுருங்கியது. சேர் அவரை வங்காலைக்குக் கூட்டிப்போனார்.

சங்கக் கட்டடத்தில் யசிந்தா அக்கா தேத்தண்ணி கொடுத்தார். இந்த ஆராய்ச்சியால் உங்களுக்கு என்ன பிரயோசனம் என்று அதிகாரி நேரடியாகவே கேட்டார். என் வேலையும் அந்தப் பதிலில்தான் தொங்கியது. அக்கா எங்களைப் புகழவில்லை. “முந்தி ஏமாந்த ஆக்கள் வீட்டுக்குள்ள ஒளிச்சிருந்தவை, சேர். இப்ப ஏமாந்த ஆள்தான் முதல்ல கத்துறது” என்றார்.

அதிகாரி அதை அப்படியே எழுதிக்கொண்டார். இன்னொரு கோப்பை தேத்தண்ணியும் கேட்டு வாங்கினார். வாகனத்தில் ஏறும்போது சேரின் தோளில் கை வைத்தார்.

“கட்டுரை பிந்தினாலும் பரவாயில்லை, பேராசிரியர். இந்த அம்மாவை விட்டுப்போடாதேங்கோ.”

மானியத்துக்குக் காத்திருக்கும் சக பாவிகளே, விண்ணப்பத்தில் ‘மக்களுக்குக் கற்பிப்போம்’ என்றே எழுதுங்கள், உள்ளதை எழுதினால் மக்களிடம் படிக்கப் போகிறவருக்கு எதற்கு அரசாங்கக் காசு என்று கேட்டுவிடுவார்கள்.