ஆண்டவருக்கு விருப்பமான பிள்ளை

மாரி மழைக்குள் வந்த காய்ச்சலில் என் தம்பி செத்துப்போனான். அவனுக்கு அப்போதுதான் என் பெயரைத் திருத்தமாகச் சொல்ல வந்திருந்தது. வெள்ளைச் சட்டை போட்டு, தலையில் கடதாசிப் பூமுடி வைத்து, வெள்ளைப் பெட்டிக்குள் கிடத்தியிருந்தார்கள். எங்கள் ஊரான ஓலைத்தொடுவாயில் வீட்டு முற்றம் கொள்ளாத சனம். வந்தவர்கள் எல்லோரும் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஒரே கதையைத்தான் சொன்னார்கள். அதைச் சத்தமாகச் சொன்னவர் மாமி.

“ஆண்டவருக்கு இந்தப் பிள்ளையில சரியான விருப்பம். அதுதான் தன்னட்ட எடுத்திட்டார்.”

பெட்டியின் கால்மாட்டில் நின்ற நான் அதை அப்படியே மனதில் வாங்கிக்கொண்டேன். ஆண்டவர் ஒருவரை விரும்பினால் என்ன நடக்கும் என்பது எனக்கு அன்றைக்கே தெரிந்துவிட்டது.

அடுத்த வருடம், முதன்முதலாக நற்கருணை வாங்கும் முதல் நன்மைக்காக என்னை ஞானோபதேச வகுப்புக்கு அனுப்பினார்கள். படிப்பித்த சிஸ்டர் நல்லவர், அதட்டத் தெரியாதவர். ஒருநாள் எங்கள் தலைகளை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே வந்தார்.

“ஆண்டவருக்கு உங்களைக் கூட்டமாத் தெரியாது, பிள்ளையள். ஒவ்வொருத்தரையும் பேர் சொல்லித் தெரியும். உலகத்தில நீ ஒராள் மட்டும் இருந்திருந்தாலும் உனக்காகவே வந்து சிலுவையில தொங்கியிருப்பார். அவ்வளவு விருப்பம் உன்னில.”

‘உன்னில’ என்றபோது அவருடைய கை என் தலையில் இருந்தது. மற்றப் பிள்ளைகள் சிரித்தார்கள். நான் கழுத்தைச் சுருக்கிக்கொண்டேன். கூட்டத்தோடு கூட்டமாக இருந்தால் அவர் கண்ணில் படாமல் தப்பிவிடலாம் என்று நம்பியிருந்தேன். அந்த நம்பிக்கையும் போயிற்று.

ஆண்டவருக்கு என்னைப் பிடிக்காமல் போவதற்கு என்னால் ஆனதையெல்லாம் செய்தேன். செபமாலை சொல்லும்போது வாயை மட்டும் அசைத்தேன். பூசையில் பாட்டை வேண்டுமென்றே இழுத்துக் கெடுத்தேன். றோட்டில் சும்மா நின்ற கழுதைக்குட்டிக்குக் கல் எறிந்தேன். இவ்வளவும் போதுமா என்று அறிவதற்காகச் சிஸ்டரிடமே போய், கெட்ட பிள்ளைகளை ஆண்டவருக்குப் பிடிக்காதுதானே என்று கேட்டேன்.

“ஆர் சொன்னது? அந்தப் பிள்ளையளைத்தான் அவர் கூடுதலாத் தேடுவார்” என்றார் சிஸ்டர், மிகுந்த சந்தோஷத்தோடு.

அன்று இரவு போர்வையைத் தலைக்கு மேலே இழுத்து மூடிக்கொண்டு படுத்தேன்.

முதல் நன்மை நாள் காலையில் அம்மா எனக்கு வெள்ளைச் சட்டை போட்டு, சீப்பால் தலை இழுத்து, கடதாசிப் பூமுடியை வைத்தார். அலுமாரிக் கண்ணாடியில் பார்த்தேன். பெட்டிக்குள் கிடந்த தம்பி அங்கே நின்றான். அம்மா பூமுடியில் குத்த ஊசி எடுக்கத் திரும்பிய நேரம் ஓடிவிட்டேன்.

கடற்கரையில் கச்சான் காற்று மணலை அள்ளி எறிந்துகொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை என்றபடியால் வள்ளங்கள் எல்லாம் கரையில் கிடந்தன. ஒன்றுக்குள் ஏறி வலைக் குவியலுக்கு அடியில் புகுந்துகொண்டேன். கோயில் மணி அடிக்கத் தொடங்கியது. மூச்சை அடக்கிக்கொண்டு கிடந்தேன். பேர் சொல்லித் தெரிந்தவருக்கு, வலைக்கடியில் கிடப்பது மட்டும் தெரியாமலா போகும்? அந்த எண்ணம் வந்ததும் சட்டையிலேயே மூத்திரம் போய்விட்டது.

யாரோ வலையை இழுத்தார்கள். நான் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன்.

“என்னைக் கூட்டிக்கொண்டு போகாதேங்கோ!”

“ஆர் பிள்ளை உன்னைக் கூட்டிக்கொண்டு போறது?” அது அம்மாவின் குரல்.

“ஆண்டவர். அவருக்கு என்னில விருப்பமெண்டு சிஸ்டர் சொன்னவ. தம்பியிலயும் விருப்பமெண்டுதானே எடுத்தவர்?”

அம்மா வள்ளத்தின் விளிம்பைப் பிடித்தபடி உள்ளே குனிந்தார். பிறகு ஈரச் சட்டையோடு என்னைத் தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

“தம்பியை எடுத்தது காய்ச்சல். வெள்ளம் றோட்டை மூடினபடியால ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஏலாமப் போச்சு. ஆண்டவர் எடுக்கேல்லை. அவர் எடுத்தவரெண்டால் நான் அந்தக் கோயில் வாசலை மிதிச்சிருக்க மாட்டன்.”

“அப்ப அவர் என்ன செய்தவர்?”

“என்னோட இருந்து அழுதவர்.”

வீட்டுக்குக் கூட்டிப்போய்க் கழுவி, என்னுடைய பழைய நீலப் பூச்சட்டையைப் போட்டுவிட்டார். பூமுடி வைக்கவில்லை. நாங்கள் கோயிலுக்குள் நுழைந்தபோது பூசை பாதி முடிந்திருந்தது. “இதென்ன கோலம்?” என்று மாமி முணுமுணுத்தார். அம்மா அவரைத் திரும்பிப் பார்த்தார். மாமி குனிந்து செபமாலையைத் தேடத் தொடங்கினார்.

முன்வரிசை பிள்ளைகளுக்கு மட்டும் ஒதுக்கிய இடம். அம்மா அதைக் கவனியாமல் என் பக்கத்தில் வந்து முழந்தாளிட்டார். நற்கருணை அப்பம் நாக்கில் பட்டதும் இப்போது நெஞ்சு நின்றுவிடும் என்று காத்திருந்தேன். அது அண்ணத்தில் ஒட்டிக்கொண்டு, மெல்லக் கரைந்து போயிற்று. எனக்கு ஒன்றும் ஆகவில்லை.

பூசை முடியும் வரைக்கும் அம்மா என் மணிக்கட்டை விடவே இல்லை. விரல் அழுந்திய இடம் சிவந்துவிட்டது. நான் மறுபடி ஓடிவிடுவேன் என்றுதான் பிடித்திருக்கிறார் என நினைத்து, “இனி ஓடமாட்டன், அம்மா” என்று மெல்லச் சொன்னேன். அவர் தலையாட்டினார். பிடி மட்டும் இளகவில்லை. கண்ணை எடுக்காமல் பீடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வள்ளத்தடியில் எனக்குச் சொன்னதை நம்புவதற்கு அம்மாவும் அந்நேரம் பாடுபட்டுக்கொண்டிருந்தார் என்பது எனக்கு அன்றைக்கு விளங்கவில்லை.