படத்தில் ஏறாத கல்லறைகள்

வேலி போட்டவன் மேல் வந்த கோபம் எனக்கு இன்னும் அடங்கவில்லை. களமருதூர்ப் பக்கம் ஒரு ஏரிக்கரைக்குக் கீழே எங்கள் ஆட்கள் ஒருகாலத்தில் குடியிருந்தார்கள். வெள்ளத்தில் குடிசைகள் போன பிறகு எல்லோரையும் ரோட்டோரக் காலனிக்கு மாற்றிவிட்டார்கள். செத்தவர்களை மட்டும் பழைய இடத்துக்கே தூக்கிக்கொண்டு போவோம். வருஷா வருஷம் கல்லறைத் திருநாளுக்குப் போய்ப் புல்லைச் செதுக்கி, மண்ணை அணைத்து, மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வருவோம். போன வருஷம் போனால் முள்கம்பி. டவுனிலிருந்து எவனோ வாங்கிவிட்டானாம், டிராக்டர் விட்டு உழப்போகிறானாம்.

என் அத்தைக்கு, அப்பாவின் தங்கைக்கு, எண்பது நெருங்குகிறது. அவள் புருஷனும், பிறந்த ஏழாம் நாள் செத்த பிள்ளையும் அந்த வேலிக்குள்ளேதான் இருக்கிறார்கள். கிராம நிர்வாக அதிகாரி, "படத்துல சுடுகாடுன்னு இருந்தா எடுத்துட்டு வாம்மா, பாக்கலாம்" என்று அவளைத் திருப்பி அனுப்பிவிட்டார்.

"காலம் பூரா நீ படம் வரைஞ்சவன் தான? எடுத்தாந்து அவன் மூஞ்சில காட்டுடா" என்றாள் அத்தை. நான் சர்வே ஆபீசில் வரைவாளராக இருந்து ஓய்வு பெற்றவன்.

மறுநாளே சர்வே ஆபீசுக்குப் போனேன். கிராம வரைபடத்தை விரித்தார்கள். ஏரி மதகு இருந்தது, கிணறு இருந்தது. ஒத்தைப் புளியமரம்கூட இருந்தது. மரத்துக்குக் குறி போட்ட மகராசனுக்கு மனுஷனைப் புதைத்த இடம் தெரியவில்லை. "எவன் இத வரைஞ்சான்? கண்ணு அவிஞ்சா போச்சு அவனுக்கு?" என்று மேஜையைத் தட்டினேன்.

அங்கிருந்த பெண் எழுத்தர் பொறுமையாகச் சொன்னாள்: "கத்தாதீங்க சார். பழைய படம் நைஞ்சு போச்சுன்னு பாத்து வரைஞ்ச நகல் இது. வரைஞ்சவரு கையெழுத்து ஓரத்துல இருக்கும், பாருங்க."

பார்த்தேன். என் கையெழுத்து.

அதுவரை மறந்திருந்தது எல்லாம் வந்து நின்றது. மூலப்படத்தில் ஏரிக்குக் கீழே சின்னச் சின்னச் சிலுவைகள் இருந்தன. பதிவேட்டில் எண் இல்லாததை வரையாதே என்பது எங்கள் ஆபீசில் வாய்மொழி உத்தரவு. பெரிய மனுஷன் ஊர் என்றால் களத்துமேட்டைக்கூடச் சேர்த்து வரைவோம், அது வேறு. வேலைக்குச் சேர்ந்த புதுசு. பென்சிலில் சிலுவைகளைப் போட்டேன். தன் ஆளுங்க இடத்தை ஏத்திட்டான் என்று பக்கத்து சீட்டுக்காரன் சொல்வானோ என்று பயம். ரப்பரால் அழித்தேன். த்தூ, நானும் ஒரு மனுஷன்.

அத்தை முருங்கைக் கீரை உருவிக்கொண்டிருந்தாள். சொன்னேன். அவள் சத்தம் போடவில்லை.

"கம்பி போட்டவனுக்குத் தெரியாது. உனக்குத் தெரியுமேடா."

"தெரியும் அத்த."

"அப்ப எழுதிக் குடு. இருந்துச்சு, நான் தான் எடுத்துட்டேன்னு."

பென்ஷனுக்கு ஏதாவது வந்துவிடுமோ என்று ஒரு நிமிஷம் தயங்கினேன். அவள் பார்த்துவிட்டாள்.

"இன்னாடா யோசிச்சிக்கினுகீற? உன் மாமன தூக்கிக்கினு போனப்ப நீயும் தான தோள் குடுத்த?"

தாசில்தாருக்கு மனு எழுதினேன். கல்லறைகள் இருந்தன, மூலப்படத்தில் பார்த்தேன், பயந்துகொண்டு நானே விட்டுவிட்டேன். அத்தைக்குப் படிக்கத் தெரியாது. சத்தமாகப் படிக்கச் சொன்னாள். 'பயந்துகொண்டு' என்ற இடத்தில் நிறுத்தி, மறுபடியும் படிக்கச் சொன்னாள்.