முனிரத்தினம் சொன்ன நல்ல வார்த்தை

வல்லக்கோட்டை பஸ் நிறுத்தத்தில் டீக்கடை வைத்திருந்த முனிரத்தினம் வாயைத் திறந்தால் பொய்தான். யாருக்கும் கெடுதல் இல்லாத பொய். தன் டீயை நக்கிய எருமை ஒன்று மெட்ராஸ் வரைக்கும் பஸ்ஸை முந்திக்கொண்டு ஓடியது என்பார். தொண்ணூற்றொன்றாம் வருஷம் அந்த வாய்தான் ரகுவைத் தூக்கி நிறுத்தியது.

ரகுவுக்கு இருபத்திரண்டு வயது. ரைஸ்மில்லில் வேலை. மில் மோட்டார் தன்னைப் பேர் சொல்லித் திட்டுகிறது என்று ஒருநாள் சட்டையில்லாமல் ரோட்டில் ஓடினான். அம்மா பாப்பம்மாள் மெட்ராஸுக்குக் கூட்டிப்போய் மாத்திரை வாங்கி வந்தாள். இரண்டு வருஷம் நிறுத்தவே கூடாது என்றார் டாக்டர். நாலே நாளில் ரகு துப்பிவிட்டான். விஷம் கலந்திருக்கிறார்களாம்.

முனிரத்தினத்துக்குச் சர்க்கரை வியாதி. டீ குடிக்க வந்த ரகுவிடம் தன் மாத்திரையை உள்ளங்கையில் வைத்து நீட்டினார்.

"பாருடா, வண்டிச் சக்கரம் மாதிரி கீது. உன்னுது கொசு முட்ட. எனக்கு பயமா கீதுடா. நீ போட்டாதான் நானும் போடுவேன்."

"போடலன்னா?"

"செத்துப்பூடுவேன். உங்கம்மா வந்து ஒப்பாரி வெக்கும். அத்தக் கேட்டு பொணமே எழுந்து ஓடிடும்."

ரகு சிரித்துவிட்டான். அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் கடையில் இருவரும் ஒன்று, இரண்டு, மூன்று சொல்லிச் சேர்ந்தே விழுங்கினார்கள். எட்டு மாதத்தில் மோட்டார் வெறும் மோட்டார் ஆனது.

உடனே பாப்பம்மாள் பெண் பார்த்தாள். பையனைப் பற்றி விசாரிக்க, பெண்ணின் அப்பா நாகப்பன் வடக்குப்பட்டிலிருந்து நேராக டீக்கடைக்குத்தான் வந்தார். முந்தின நாளே பாப்பம்மாள் வந்து கும்பிட்டுவிட்டுப் போயிருந்தாள்: "அண்ணே, மாத்திர விசயத்த மட்டும் வெளிய வுட்டுடாத."

"பையனுக்கு ஒடம்புல ஏதாச்சும் உண்டுங்களா?" என்றார் நாகப்பன்.

"ரகுவுக்கா? தலவலின்னு கூட படுத்ததில்லீங்க. மில்லு மோட்டாருக்குத்தான் ஜொரம் வரும், இவனுக்கு வராது."

கல்யாணம் முடிந்தது. ரகு கடைக்கு வருவது நின்றது. ஒரு வாரம் பார்த்துவிட்டு முனிரத்தினமே மில்லுக்குப் போனார்.

"எனக்குத்தான் ஒண்ணும் இல்லியேண்ணா. நீயே எங்க மாமாகிட்ட சொல்லிக்கீற. அவரு ஊரெல்லாம் சொல்லிக்கினு கீறாரு."

"அது சும்மா சொன்னேன்டா. பொய்."

"அப்போ எட்டு மாசம் கூட உக்காந்து முழுங்கினியே? அதுவும் பொய்யா?"

அன்று சாயங்காலம் முனிரத்தினம் தன் மாத்திரையைத் தனியாகத்தான் விழுங்கினார்.

மறு மாதம் மோட்டார் மறுபடி பேசியது. இந்த முறை விஷம் கலக்கும் கூட்டத்தில் ரகு முனிரத்தினத்தையும் சேர்த்துவிட்டான். கடையைக் கண்டால் ரோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கமாக நடந்தான்.

ஒருநாள் காலையில் அவன் மனைவி சசிரேகா தனியாகக் கடைக்கு வந்தாள்.

"அவருக்கு இன்னாண்ணா? நீங்களாச்சும் சொல்லுங்க."

சொன்னார். ஒரு சொல் கூட்டவில்லை.

"அன்னிக்கே சொல்லியிருந்தா நானே தண்ணி மொண்டு குடுத்திருப்பேன். இப்போ நான் தொட்ட சோத்தக்கூட தள்ளி வெக்கிறாரு."

பிறகு கேட்டாள்: "மெட்ராஸ் பஸ்ஸு எப்போ? அவரு வர மாட்டாரு. நானாச்சும் போயி டாக்டர கேக்கறேன்."

முனிரத்தினம் அடுப்பில் தண்ணீரை ஊற்றி அணைத்தார்.

"இரும்மா. நானும் வரேன்."